மரகதம் அந்தக் கடிதத்தைத் தொலைக்கவில்லை

லீக்ஸ் பாத்திக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியது குசும் நோனா, டவுனில் மரகதத்தின் பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண். "பாக்கியம் அக்கா, மரகதம் அக்கா காலையில எந்திரிக்கல" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டு அழுதாள். கையில் மண்ணோடு நின்றேன். எனக்கும் அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. 'அந்த வீடு இனி யாருக்கு?' என்றுதான் மனம் கேட்டது. புருசனும் போய்ப் பிள்ளையும் இல்லாதவள், நகரசபை கொடுத்த வீடு நகரசபைக்குத்தான் திரும்பிப் போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டது. அவளை அறிந்த உங்களிடம் இதை மறைத்துவிட்டு அவளைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது.

நானும் அவளும் கந்தப்பளைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். நடுவில் ஒரு சுவர்தான். அவர்கள் வீட்டில் கருவாடு வறுத்தால் எங்கள் வீட்டில் வெறும் சோறே இறங்கும். கொழுந்தெடுப்பதில் அவள் கை என் கையைவிட வேகம். ஒன்றில்தான் நான் முந்தினேன். நுவரெலியாவில் பூங்காத் தோட்டக்காரராக வேலை பார்த்த மாப்பிள்ளை முதலில் என்னைத்தான் பெண் பார்க்க வந்தார். எங்கள் அப்பா, "டவுன்ல வெறகுக்கு எங்கம்மா போவ?" என்று மறுத்துவிட்டார். மறுத்ததோடு விட்டாரா? வந்தவர்கள் மனம் நோகக் கூடாதென்று, அடுத்த வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள் என்று மரகதத்தைக் காட்டினார். பிறகு எனக்கு வாய்த்தவரும் நல்ல மனிதர்தான், சீக்கிரமே போய்விட்டார். பீடி ஒன்றுதான் குறை, ஒரு தடவை அந்தப் பீடியால் எங்கள் கோழிக்கூடே எரிந்துபோனது. அது வேறு கதை, விடுங்கள்.

அவரைக் கட்டிக்கொண்டு மரகதம் குடிபோன தெரு உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கடைவீதிக்குப் பின்னால் மேட்டில் ஏறினால் வரும். வெள்ளைக்காரன் காலத்தில் துரைமார் வீட்டுச் சமையல்காரர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் கட்டிய வீடுகள். கல் சுவர், பச்சைச் சட்டம் போட்ட ஜன்னல், முன்னறையில் குளிர்காய ஓர் அடுப்பு, அதற்கொரு புகைபோக்கி. பழைய தெரு என்பதால் அதைப் பாதுகாக்கிறார்கள். ஒரு தகரம் மாற்றுவதென்றாலும் அனுமதி வாங்க வேண்டும். "ஒழுகுற எடத்துல சட்டி வைக்க மட்டுந்தான் புள்ள எங்களுக்கு உரிமை" என்பாள் மரகதம். எனக்கு அந்த ஒழுகலைப் பார்த்தும் பொறாமை. எங்கள் லயமும் வெள்ளைக்காரன் கட்டியதுதான். அதைப் பாதுகாக்க ஒருவரும் வந்ததில்லை.

சீசன் காலத்தில் கொழும்புக்காரர்கள் அந்தத் தெருவில் நின்று படம் எடுப்பார்கள். ஒருநாள் நான் போயிருந்தபோது ஒரு பெண் மரகதத்தை வாசலில் நிற்கச் சொன்னாள். இவள் உள்ளேயிருந்தே, "என்னைய எதுக்கும்மா? கதவ எடுங்க. வயசானா மதிப்பு கூடுறது அதுக்குத்தான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என்னை யாரும் நிற்கச் சொல்லவில்லையே என்று இருந்தது.

எல்லாவற்றையும்விட என்னை எரித்தது அந்தக் கதவில் இருந்த இலக்கம். இலக்கம் இருந்ததால் தபால்காரர் அவள் வாசலுக்கே வந்து மணி அடித்தார். தோட்டத்துக்கு வரும் கடிதத்துக்கு வாசல் கிடையாது. எல்லாம் ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து யார் கண்ணில் படுகிறதோ அவர் கையோடு மலை ஏறும், சில நேரம் ஏறாமலும் போகும். அதனால்தான் எங்கள் பக்கத்தில் முக்கியமான கடிதத்துக்கெல்லாம் டவுனில் தெரிந்தவர் விலாசத்தைக் கொடுப்பது வழக்கம். என் மகள் சுகந்தி மேல்வகுப்பு படித்ததும் மரகதம் வீட்டில் தங்கித்தான், அவளுக்கு வந்த கடிதமெல்லாம் அந்த வாசலுக்குத்தான்.

சனிக்கிழமை லயத்துக்கு வருவாள். வந்ததும், "நம்ம வீட்ல இப்புடி பொகை வராதும்மா" என்பாள்.

"எது நம்ம வீடு?" என்று கேட்பேன்.

"பெரியம்மா வீடுதான்."

"அப்ப இது?"

"இது லயம்."

அவள் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் நான் பெற்ற பிள்ளை, மாப்பிள்ளையைப் போலவே, என் வீட்டுக்கு வந்து அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள் என்று எனக்குப் பட்டது.

படிப்பு முடிந்தும் அங்கேயே தங்கி டியூசன் சொல்லிக்கொடுத்தாள். லயத்துக்கு வந்திருந்த ஒருநாள் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் எழுதி, தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அதில் யார் வீட்டு விலாசம் இருக்கும் என்று தெரியாதா? கந்தப்பளையில் போட்டோக்கொப்பி கடைக்கு எடுத்துப் போனேன். கடைப் பெண்ணிடம் விலாசத்தை வெட்டிவிட்டுத் தோட்டத்துப் பேரை எழுதச் சொன்னேன். "ஏக்கா, டவுன் அட்ரசே இருக்கட்டுமே, சுருக்கா வந்துரும்" என்றாள். "அவ பொறந்த எடம் இதுதான். இதயே எழுது" என்றேன். எழுதினாள். இன்று நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான்.

கடிதம் வந்தது. எங்கள் தோட்டத்தில் இரண்டு சுகந்தி. மற்றவள் கொழும்பில் வேலைக்குப் போயிருந்தாள். அவள் அம்மா, மகள் வந்து பிரிக்கட்டும் என்று அதைப் பத்திரமாக முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டாள். பொங்கலுக்குச் சுவர் துடைத்தபோது, ஊருக்கு வந்திருந்த மகள் உறையில் அப்பன் பேர் வேறு என்று பார்த்து, அதைப் பிரிக்காமலே என் கையில் கொடுத்தாள். கடைப் பெண்தான் படித்துச் சொன்னாள், நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்ட தேதி போய் நான்கு நாள்.

மகளிடம் போக எனக்குத் தைரியம் இல்லை. அவள் டியூசனுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து மரகதத்திடம் போனேன். அவள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அட்ரச மாத்துனியா?"

தலையாட்டினேன்.

"எதுக்குடி?"

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு உறையை மட்டும் அடுப்பில் போட்டாள். "இங்கதான் வந்துச்சு, எங்கயோ வச்சு மறந்துட்டேன்னு சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத" என்றாள். "ஒனக்கு எதுக்கு புள்ள இந்தப் பழி?" என்றேன். "எனக்கு வீடாவது இருக்கு. ஒனக்கு அவ மட்டுந்தான்" என்றாள்.

அன்று சாயங்காலம் அந்த முன்னறையில் சுகந்தி அழுதது தெரு முழுக்கக் கேட்டது. "ஒங்கள நம்பித்தானே பெரியம்மா இருந்தேன்!" மரகதம், "வயசாயிருச்சும்மா, புத்தி நிக்க மாட்டேங்குது" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சுவரோரம் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

சுகந்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னோடு லயத்துக்கு வந்துவிட்டாள். தோட்டத்துப் பாலர் பள்ளியில் டீச்சரானாள். பதினோரு வருடம் அந்தத் தெருவில் அவள் கால் வைக்கவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது என்று சொன்னால் பொய். சந்தோசமாக இருந்தது. "பெரியம்மா வீடு" என்ற பேச்சே என் வீட்டில் இல்லை.

ஒருநாள் மார்க்கட்டில் மரகதம் எதிரே வந்தாள். சுகந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு கிழங்குக் கடைக்குப் போய்விட்டாள். மரகதம் என் பக்கம் குனிந்து, "மெலிஞ்சிட்டா புள்ள. காலையில ஒரு முட்ட அவிச்சுக் குடு" என்றாள். தினமும் பார்க்கும் என் கண்ணுக்கு அது தெரியவில்லையே என்று அதற்கும் அவள்மேல்தான் எரிச்சல் வந்தது. முட்டை மட்டும் அவித்துக் கொடுத்தேன்.

சாவு வீட்டுக்கு நான் கூப்பிட்டேன் என்பதற்காக சுகந்தி வந்தாள். உள்ளே வரவில்லை, தெருவிலேயே நின்றாள். குசும் நோனா அவளிடம் போய், "பாவம், அக்காவுக்கு அந்தக் கடிதம் தொலஞ்சதுதான் கடைசி மட்டும் கவல" என்றாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அவ தொலைக்கல" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். விலாசத்தை மாற்றியது, உறையை எரித்தது, எல்லாவற்றையும் நடுத்தெருவில் சொன்னேன். அன்று அங்கே நின்றவர்கள் பத்துப் பேர்தான். அவளைக் கவனமில்லாதவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிற மற்றவர்களுக்காகத்தான் இதை எழுதச் சொன்னேன்.

சுகந்தி என்னைத் தாண்டி உள்ளே போனாள். மரகதத்தின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். மகள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். கருமாதி முடியும்வரை லயத்துக்கு வரவில்லை. இப்போது வந்திருக்கிறாள். சமைக்கிறாள், சாப்பிடுகிறாள், என்னோடு பேசுவதில்லை.

மரகதம் எனக்கென்று விட்டுப்போனது அந்தப் பதினோரு வருடம். என் மகள் என் வீட்டில், என் கையால் சாப்பிட்ட பதினோரு வருடம். அதை வைத்திருக்கிறேன். பொறாமை மட்டும் அவளோடு போகவில்லை. சாவன்று சுகந்தி அந்தக் கல் வீட்டில் "பெரியம்மா, பெரியம்மா" என்று கதறியபோது, நான் செத்தால் இப்படி அழுவாளா என்று பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.