ஏகாம்பரத்தின் ரெண்டாவது லைன்

முகப்பேரில் எங்கள் குடியிருப்புக்குக் குழாய் வேலை பார்க்கும் ஏகாம்பரத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். சுவரைத் தட்டிப் பார்த்தே உள்ளே பைப் எங்கே ஓடுகிறது என்று சொல்லிவிடுவார். சொன்ன இடத்தில் இல்லையென்றால், பைப்பைப் போட்டவன்தான் முட்டாள். அப்பப்பா, அந்த ஜம்பம்!

அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஸ்கேன் ரிப்போர்ட். அவர் மனைவி வேம்புலியம்மாளுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, ஒரு வருடமாக டயாலிசிஸ். தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்று இவர் சொல்லி, ரத்தமெல்லாம் பொருந்தி, கடைசியாக எடுத்த ஸ்கேன் அது.

“சார், இங்கிலீஷ்ல இன்னாமோ எழுதிக்கீது. நர்ஸம்மா ரெண்டு லைன் போவுதுன்னாங்க. என்னை வேணாம்னுடுவாங்களா?”

படித்துப் பார்த்தேன். சிறுநீரகத்துக்குப் பெரும்பாலும் ஒரு ரத்தக்குழாய்தான் போகுமாம். இவர் தரவேண்டிய இடது சிறுநீரகத்துக்குப் பெரிதாக ஒன்று, அதற்குக் கீழே மெலிதாக இன்னொன்று. அதைச் சொன்னதும் மனிதருக்கு வேர்த்துவிட்டது. அவர் தொழிலில் ஒரு வீட்டுக்கு ரெண்டு லைன் என்றால் திருட்டு கனெக்‌ஷன். குடிநீர் வாரியத்து ஆட்கள் வந்து அறுத்துவிட்டுப் போவார்கள்.

மறுநாள் அவரோடும் வேம்புலியம்மாளோடும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சர்ஜன் ரோஷினி வாயைத் திறப்பதற்குள் இவரே வைத்தியம் சொன்னார்.

“மேடம், அந்தச் சின்ன லைனைக் கட் பண்ணி எண்ட் கேப் போட்டு மூடிடுங்க. பெருசுலயே எல்லாம் ஓடும்.”

டாக்டர் சிரித்துவிட்டார். “இது உங்க பைப் இல்லண்ணா. ஒவ்வொரு லைனும் அதது பாகத்துக்கு மட்டும்தான் ரத்தம் கொடுக்கும். சின்னதை அறுத்தா கிட்னியோட கீழ்ப்பக்கம் செத்துடும். சிறுநீர் இறங்குற குழாயும் கெட்டுடலாம். தெரியாம வெட்டிடக் கூடாதுன்னுதான் முன்னாடியே ஸ்கேன்.”

“அப்போ வலதுபக்கத்தை எடுத்துக்கங்க.”

“அது இதைவிட நல்லா வேலை செய்யுது. நல்லது கொடுக்கிறவர்கிட்டயே இருக்கணும்.”

“அப்போ நான் வேஸ்ட்டா மேடம்?”

“யார் சொன்னது? நாலு பேர்ல ஒருத்தருக்கு இப்படி இருக்கும். வெளியே எடுத்ததும் ரெண்டு ரத்தக்குழாயோட வாயையும் ஒண்ணா தைச்சு, ஒரே குழாயா அவங்க உடம்புல சேர்த்துடுவோம்.”

“ரெண்டு பைப்பை ஒண்ணாக்குற ஒய் ஜாயின்ட்டு போட்றீங்க!” என்று எழுந்தே நின்றுவிட்டார்.

வேம்புலியம்மாள் என்னிடம் சொன்னார்: “ஊரு ஊட்டு பைப்பெல்லாம் ஒயுங்கு பண்ற ஆளு, தன் வவுத்துல எப்டி வெச்சிகினு கீது பாரு சார்.” ஏகாம்பரம் சுவரைத் தட்டுவதுபோல் தன் இடுப்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

ஆபரேஷன் அன்று இவருக்கு மதியமே மயக்கம் தெளிந்தது. மனைவி இன்னும் தியேட்டருக்குள் இருந்தார். கட்டில் பக்கம் யார் போனாலும் “தண்ணி வருதா?” என்றார். தாகம் என்று நினைத்த நர்ஸ், “இப்போ குடிக்கக் கூடாதுங்க” என்று பஞ்சால் உதட்டை நனைத்தார். இவர் அது இல்லை என்று தலையைத் தலையை ஆட்டினார். எனக்கும் புரியவில்லை, என் மூளை அவ்வளவுதான்.

மாலையில் டாக்டர் ரோஷினி வந்தார். அவரிடமும் அதே கேள்வி. அவருக்கு மட்டும் உடனே புரிந்தது.

“வருதுண்ணா. தையல் முடிச்சு ரத்தத்தைத் திறந்துவிட்டதும் உங்க கிட்னியிலேர்ந்து சிறுநீர் பீய்ச்சி அடிச்சுது.”

“சின்ன லைனு?”

“அதுலயும் ரத்தம் ஓடி, கீழ்ப்பக்கமும் நல்லா சிவந்துடுச்சு.”

ஏகாம்பரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதார். தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் திட்டத் திட்ட அழுதார்.