பறந்தால் மட்டும் ஊமையாகும் ரேடியோ

பழைய விமானங்களின் மின்னணுப் பெட்டிகள் திருத்த வருபவரைக் கண்டதும் நல்ல பிள்ளையாகிவிடும். டாக்டர் வீட்டு வாசலில் இருமல் நின்றுபோய் அசடு வழிந்தவர்களுக்கு என் கஷ்டம் விளங்கும். எண்பதுகளின் கடைசியில், மெல்பேர்ணில் சின்ன விமானங்கள் திருத்தும் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார் முதலாளி கிரகாம். சந்தையில் தக்காளிப் பெட்டி தூக்கிக் களைத்தபின் கிடைத்த வேலை. அதைக் கைவிட எனக்கு மனமில்லை.

வாசனை அழிறப்பர்

பிரையன் என்ற விமானி, தீவுகளுக்குப் பார்சல் ஏற்றிப் பறப்பவர். மேலே போனதும் ரேடியோ ஊமையாகிறது என்றார். கீழே அது கணீரென்று பேசியது. கழற்றிப் பார்த்தால், உப்புக் காற்றில் இணைப்பு ஊசிகள் கறுத்திருந்தன. அதற்குப் பென்சில் அழிறப்பரைவிட நல்ல மருந்து கிடையாது. மகளின் ஸ்ட்ரோபெரி வாசனை அழிறப்பரால் தேய்த்துத் திரும்ப விமானத்தில் பூட்டினேன். மறுநாள் பிரையன் வந்தார்.

"ரேடியோ பழையபடி ஊமை. ஆனால் விமானத்தில் இப்போது ஜாம் மணக்கிறது."

மீனுக்குப் பக்கத்தில்

இன்னொரு முறை இதே குறை வந்தால் வேறு ஆள் பார்ப்பேன் என்று கிரகாம் சொல்லிவிட்டார். மேலே உள்ள குளிரில்தான் எங்கோ ஓர் ஒட்டு விலகுகிறது என்று பட்டது. ரேடியோவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நோபல் பார்க்கில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஃப்ரீசர் நிறைய அறக்குளா மீன். "இனி எஞ்சினையும் கொண்டு வருவியள் போல," என்றபடி மனைவி பாதி மீனை வெளியே எடுத்தாள். அடுத்தநாள் வெள்ளிக்கிழமை, வீட்டில் சைவம். எடுத்த மீன் முழுவதையும் அந்த வியாழன் இரவே தின்று தீர்த்தோம்.

காலையில் ரேடியோவை ஐஸ்பெட்டியில் வைத்துப் பட்டறைக்குத் தூக்கிப்போனேன். மின்சாரம் கொடுத்தால், ஊமை. ஒரு பொருள் வேலை செய்யாததற்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. பூதக்கண்ணாடியில் தேடி, மயிரிழை அளவு வெடித்திருந்த ஈய ஒட்டைக் கண்டுபிடித்துத் திரும்பப் பற்றவைத்தேன். அதற்குள் கிரகாம் என் ஐஸ்பெட்டியை ஆசையோடு திறந்து பார்த்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை ஐஸ்பெட்டியில் பியர் கொண்டுவராத முதல் ஆள் நீதான்."

பக்கத்து இருக்கை

பிரையன் என்னை நம்புவதாயில்லை. சோதனைப் பறப்புக்கு நீயும் வா என்று பக்கத்தில் ஏற்றிவிட்டார். கடலுக்கு மேலே குளிர் எலும்பில் ஏறியது. எனக்குத் தெரிந்த முருகன் பெயர்கள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டேன். ரேடியோவும் வாய் மூடவில்லை. இறங்கியதும் பிரையன் கிரகாமிடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கிரகாம் என் பக்கம் திரும்பினார்.

"திங்கட்கிழமை இன்னொரு பழைய விமானம் வருகிறது. உன் ஃப்ரீசரில் இடம் இருக்கிறதா?"

அன்றோடு எனக்கு வேலை நிரந்தரமானது, எங்கள் வீட்டு ஃப்ரீசரில் மீனுக்குத்தான் இடம் நிரந்தரமில்லாமல் போனது.