மகனுக்குச் சொல்லாத நம்பர்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு வாசலில் கமரா பூட்டச் சொன்னவன் கனடாவில் இருக்கும் மகன்தான். யுத்தம் முற்றியிருந்த காலம். அங்கிருந்தே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவனுக்கு நிம்மதியாம்.

எனக்குத்தான் நிம்மதி போனது. அவன் அங்கிருந்து கமராவைப் பார்க்க இன்டர்நெட் நம்பர் ஒன்று வேண்டுமாம். கமராவின் பதிவுப் பெட்டியை இயக்கி, திரையில் தெரிந்த நம்பரைத் தொலைபேசியில் வாசித்தேன். "படம் வருதில்லை அம்மா, திரும்பச் சொல்லுங்கோ" என்றான். புள்ளி புள்ளியாகச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கமரா பூட்டிய கொட்டாஞ்சேனைக்காரரிடம் கேட்டால், "அது வீட்டுக்குள்ள மட்டும் வேலை செய்யிற நம்பர், அன்ட்டி. வெளியில இருந்து பார்க்க வேற நம்பர் வேணும். கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லுங்க. கரண்ட் போய் வந்தா அதுவும் மாறும்" என்றார் சாவகாசமாக. இதை முதலே சொல்லியிருந்தால் என்ன?

அதன் பிறகு கரண்ட் போகும்போதெல்லாம் புது நம்பரைத் தேடி வாசிப்பதே என் வேலையானது.

ஒரு பின்னேரம் பொலிஸார் வந்தார்கள். அடையாள அட்டை, தமிழர் என்பதால் எடுத்து வைத்திருந்த பொலிஸ் பதிவு எல்லாம் காட்டியும், விசாரிக்க வேண்டும் என்று என் கணவரை ஜீப்பில் ஏற்றினார்கள். ஜீப் தெருவைத் தாண்டுமுன் தொலைபேசி அடித்தது.

"அம்மா, அப்பாவை எங்க கொண்டு போறாங்கள்?"

எனக்கு முன்னமே அவன் அழத் தொடங்கியிருந்தான்.

மறுநாள் அவர் திரும்பி வந்துவிட்டார். அதுவரை மகன் வேலைக்கும் போகாமல், சாப்பிடாமல், எங்கள் வெறும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அடுத்த முறை கரண்ட் போய் வந்ததும் வழக்கம்போல நம்பரைக் கேட்டான். அது என் முன்னால் திரையில் தெளிவாகத் தெரிந்தது.

"பெட்டி பழுதாப் போச்சு, ராசா" என்றேன்.