அசையாமல் இருந்த வேட்டைக்காரர்

அன்று மான்கள் உலவும் பூங்காவில் நாங்கள் மூன்று பேர்: லண்டன் மோர்டனில் நான் குடியிருக்கும் வீட்டுக்கார அண்ணை, கனடாவிலிருந்து வந்திருந்த அவருடைய மச்சான், நான். அண்ணையின் மனைவி, அக்காவுக்கு வேலையில் ஷிப்ட்; வரவில்லை.

கனடாக்காரர் பருத்த மனிதர். எங்கே உட்காரும் முன்னும் சட்டைப் பையிலிருந்து பவுடர் எடுத்து ஊதிப் பார்ப்பார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று தெரிய வேண்டுமாம். வீட்டு சோபாவிலும் அதே பழக்கம். வடக்கே, சாலை போகாத காடுகளில் வெள்ளைவால் மான் வேட்டையாடுகிறவர். இளசுகளை விட்டுவிட்டு, வயதேறிய கிடாவுக்காகவே காத்திருப்பார். இப்போது முழங்கால் மக்கர் செய்கிறது. ஒரு மணி நேரம் அசையாமல் இருக்க முடியாவிட்டால் வேட்டைத் துவக்கை விற்றுவிடுவது என்று முடிவு. அந்தச் சோதனைக்குத்தான் வந்திருந்தோம்.

மரத்தடியில் உட்கார்ந்தார். "படிச்ச தம்பி, மூச்சை மட்டும் விடும்," என்றார்.

மழை தூறியது. மூக்கு நுனியில் துளி தொங்கியது, துடைக்கவில்லை. ஒரு மணி நேரம் முடியப்போகும்போது கிழட்டுக் கலைமான் ஒன்று பக்கத்தில் வந்து மேய்ந்தது.

"அண்ணே, பார்க்கிங் முடியுது," என்று கிசுகிசுத்தேன்.

"மான் போகட்டும்," என்றார் கனடாக்காரர், உதடு அசையாமல்.

மான் அவசரப்படவில்லை. அது போன பிறகு அவரால் எழ முடியவில்லை. ஆளுக்கொரு கையாகத் தூக்கினோம்.

"துவக்கை விக்கமாட்டன்!" என்று சிரித்தார்.

"உன்னைத் தூக்க எங்க ரெண்டு பேரையும் காட்டுக்குக் கொண்டு போவியோடா?" என்றார் அண்ணை.

அந்த மூக்குத் துளியை எப்படிப் பொறுத்தாரோ, எனக்கு இன்றும் விளங்கவில்லை. சோதனைக்கு எங்களுக்கு ஆன செலவு, கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த அபராதச் சீட்டின்படி, எழுபது பவுண்.