பிரெஞ்சு படிக்க லண்டனுக்கு வந்தவள்

என் தங்கை பிரெஞ்சு படிப்பதற்காக லண்டனுக்கு வந்தாள். இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். அவள் இருபத்தைந்து வருஷமாக இருப்பது கனடாவில் மொன்றியலில் என்று சொன்னால் இன்னும் பலமாகச் சிரிப்பார்கள். பிரெஞ்சு பேசுகிற நகரத்தை விட்டு, கடலைத் தாண்டி, குட்மேய்ஸில் என் வீட்டுக்கு வந்து பிரெஞ்சு படிக்கிறவளை வேறு என்னதான் செய்வது?

ஆனால் அவள் இருக்கிற பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மொன்றியல் ஒரு தீவு. அதன் மேற்குப் பக்கத்தை வெஸ்ட் ஐலண்ட் என்பார்கள். புல்வெளியும் கராஜுமாக வீடுகள் வரிசைக்கு நிற்கும். தெருமுனைப் பலகையில் பிரெஞ்சு, பஸ்ஸின் நெற்றியில் பிரெஞ்சு, கடை வாசலில் பிரெஞ்சு. பலகைக்குக் கீழே நிற்கிற மனிதர் மட்டும் இங்கிலீஷ். பக்கத்து வீட்டுக்காரர் பனி அள்ளிக்கொண்டே கதைப்பது இங்கிலீஷ். பல் டொக்டர் இங்கிலீஷ். கடையில் நிற்கிற பெடியன் 'போன்ஜூர்' என்று தொடங்கி மூச்சு விடாமல் 'ஹாய்' என்றும் சேர்த்துச் சொல்வான். நாங்கள் எதைப் பிடிக்கிறோமோ அந்தப் பாஷையில் வியாபாரம் நடக்கும். என் தங்கை முதல் நாளே 'ஹாய்'யைப் பிடித்தாள், பிறகு விடவேயில்லை. அரசாங்கம் நடத்திய பிரெஞ்சு வகுப்புக்கு ஒரு குளிர்காலம் போனாள். வாசலில் பனியில் வழுக்கி விழுந்து கை முறிந்ததோடு அந்தப் படிப்பும் முடிந்தது.

மகளின் கதை வேறு. குடியேறி வந்தவர்களின் பிள்ளைகள் அங்கே பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும் என்பது சட்டம். அவள் பிரெஞ்சில் படித்து, பிரெஞ்சில் சண்டை பிடித்து, கடைசியில் நகரத்தின் கிழக்குக் கோடியில் இருக்கிற ஒரு பிரெஞ்சுக்காரப் பெடியனையே விரும்பினாள். நல்ல பிள்ளை. ஒருமுறை லண்டனுக்கு வந்து எங்கள் வீட்டில் மூன்றாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. தங்கைக்கும் அவனில் குறையில்லை. அவனுடைய தாய்தான் அவளுக்குப் பிரச்சினை. அந்த மனுசிக்கு இங்கிலீஷ் ஓடாது, இவளுக்குப் பிரெஞ்சு ஓடாது. நடுவில் மகள் நின்று மொழிபெயர்ப்பாள். இவள் ஐந்து நிமிஷம் உருகிச் சொல்வதை அவள் நாலு சொல்லில் முடித்துவிடுவாள்.

எங்கள் சொந்தத்தில் முக்கால்வாசிப் பேர் லண்டனில் இருப்பதால் கலியாணத்தை இங்கேயே வைப்பது என்று முடிவானது. மாப்பிள்ளை வீட்டாருக்கும் லண்டனைப் பார்க்க ஆசை. தங்கை லீவு எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் முன்பே வந்து இறங்கினாள். கலியாண வேலைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். வந்த மறுநாள் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னாள்.

"அக்கா, மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்னை நல்லாத்தான் நடத்துகினம். நல்ல கதிரையாப் பார்த்து இருத்துவினம், கோப்பி தருவினம், சீலை வடிவு எண்டுவினம். கோப்பை கழுவ எழும்பினாலும் விடமாட்டினம். நாளைக்கு என்ர பிள்ளையின்ர வீட்டிலயும் இதுதான் நடக்கப்போகுது. சாகும்வரைக்கும் நான் அங்க விசிட்டர்."

"உனக்கு விசர்," என்று சொல்லிவிட்டேன். எனக்கு முதலில் வருவது கோபம்தான், மற்றதெல்லாம் பிறகுதான் வரும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அவளுடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன். புருஷன் செத்துப்போனபிறகு அவளுக்கு இருப்பது அந்த ஒரு பிள்ளை. வெஸ்ட் ஐலண்டிலிருந்து அந்தக் கிழக்குக் கோடிக்குக் காரில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. அவளுக்கு அது வேறு தேசம்.

அந்தத் தாயிடம் மகள் இல்லாமல், தன் வாயாலேயே நாலு வசனம் பேசிவிட வேண்டும் என்பது அவளுடைய திட்டம். அதற்கு நான் ஆள் பிடித்துக் கொடுத்தேன். எங்கள் எதிர்வீட்டில் ஒரு பாரிஸ் அக்கா இருக்கிறா. பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்கட்டும் என்று பிரான்ஸை விட்டு லண்டனுக்கு வந்த எங்கள் சனத்தில் ஒருத்தி. பாரிஸில் ஒரு பெரிய சாப்பாட்டுக் கடையின் குசினியில் வருஷக்கணக்காகச் சமையல் வேலை செய்தவ. கேட்டதும், "ஓம், அதுக்கென்ன, பிறகு இந்தப் பிரெஞ்சை நான் இங்க ஆரோட கதைக்கிறது?" என்று செருப்பைக் கொழுவிக்கொண்டு வந்துவிட்டா.

பாடம் எங்கள் குசினி மேசையில் நடந்தது. நான் உடுப்பு மடித்துக்கொண்டு கேட்பேன். ஆசிரியைக்குக் குரல் பெரிது. தங்கையும் அதே குரலில் திருப்பிச் சொல்வாள். இரண்டு பேரும் சண்டை பிடிக்கிறார்கள் என்று நினைத்து என் புருஷன் ஒருமுறை எட்டிப் பார்த்தார். மூன்று கிழமையில் அவள் சரளமாகக் கத்தத் தொடங்கினாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மகள் வீடியோவில் வந்தபோது, "அம்மா, ஏதாவது சொல்லுங்கோ பாப்பம்," என்றாள். தங்கை நிமிர்ந்து உட்கார்ந்து மூன்று வசனம் சொன்னாள். அந்தப் பக்கத்தில் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, ஓ மை கோட்! மீனைத் திருப்பிப் போடு, தட்டைத் துடை, கெதியாச் செய் எண்டு எனக்கு ஓர்டர் போடுறீங்கள்!"

பாரிஸ் அக்காவுக்குத் தெரிந்த பிரெஞ்சு குசினியில் படித்தது. அதைத்தான் அவ மனதாரச் சொல்லிக் கொடுத்திருக்கிறா. அதில் தயவுசெய்து என்ற பேச்சுக்கே இடமில்லை. தங்கைக்கு முகம் செத்துப்போனது. பிறகு அவளும் பாரிஸ் அக்காவும் மண்டையை உடைத்து, மரியாதையான ஒரேயொரு வசனத்தைத் தயாரித்தார்கள். 'என் மகளின் வீட்டில் என்னை விருந்தாளி ஆக்கிவிடாதீர்கள்' என்பது அதன் கருத்து. அதைக் குளிக்கும்போதும் சொன்னாள், பஸ்ஸிலும் சொன்னாள்.

கலியாணத்துக்கு ஐந்து நாள் முன்பு எங்கள் வீட்டில் பலகாரச்சூடு. கலியாணப் பலகாரத்தைச் சொந்தக்காரப் பெண்கள் கூடிச் சுடுகிற நாள். வீட்டுக்குள் சுட்டால் புகை அலாரம் கத்தும் என்பதால் பின்வளவில் காஸ் அடுப்பு வைத்தோம். புருஷன் இல்லாதவள் அடுப்பு மூட்டலாமோ என்று ஒரு மாமி முணுமுணுத்தா. "இது என்ர வளவு, மாமி. அவதான் தாய், அவதான் மூட்டுவா," என்றேன். மாமி வாயை மூடிக்கொண்டா. தங்கை மூட்டினாள்.

மாப்பிள்ளையின் தாய் அன்று காலை வந்திறங்கியிருந்தா. வெள்ளைக் காற்சட்டையும் பெரிய சிரிப்புமாக வந்தவவைச் சம்பந்தி என்று நாங்கள் முன்அறைச் சோபாவில் இருத்தி, விசிறி வைத்து, வடை வைத்து, ஜூஸ் வைத்தோம். எழும்பினால் நாலு பேர் ஓடிப்போய் இருத்தினோம். தங்கைக்கு மொன்றியலில் நடந்ததையே நாங்கள் அச்சொட்டாக அவவுக்குச் செய்துகொண்டிருந்தோம். அது எங்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மணமக்கள் மண்டபம் பார்க்கப் போயிருந்தார்கள். தங்கை இரண்டுமுறை சோபாவரை போனாள். இரண்டுமுறையும் வாய் திறந்து, மூடி, இன்னொரு வடையை வைத்துவிட்டுத் திரும்பினாள். "எல்லாம் மறந்துபோச்சு, அக்கா," என்றாள். கண் கலங்கியிருந்தது.

பயித்தம் பணியாரத்துக்கு வறுத்த பயற்றமாவும் தேங்காய்ப்பூவும் சர்க்கரைப் பாகும் குழைத்துச் சூட்டோடு உருண்டை பிடிக்கவேண்டும். ஆறினால் உதிர்ந்துவிடும். நாங்கள் கை வெந்து உருட்டிக்கொண்டிருக்க, சோபாவுக்குக் காவல் நின்றவர்கள் அசந்த நேரம் பார்த்து அந்த மனுசி போனைப் பிடித்துக்கொண்டு வளவுக்கு வந்துவிட்டா. படம் எடுக்கிற ஆசையில் பின்பக்கமாக நடந்து எண்ணெய்த் தாச்சிச்சட்டிக்கு நேரே போனா. தங்கை அப்போது கொதிக்கிற பாகுச் சட்டியோடு திரும்பினாள்.

"ஷோ தெவான்!" என்று ஒரு சத்தம் போட்டாள். சூடு வருகிறது, விலகு என்று பாரிஸ் குசினிகளில் கத்துவார்களாம். பக்கத்து வளவு நாய் குரைத்தது. மனுசி ஒரே பாய்ச்சலில் விலகிச் சுவரோடு ஒட்டிக்கொண்டா.

எல்லோர் கையும் நின்றுவிட்டது. சம்பந்தியைப் பார்த்து அதட்டியாயிற்று. மாமி நெஞ்சில் கை வைத்தா. தங்கை சட்டியைத் திரும்ப அடுப்பில் வைத்தாள்.

அந்த மனுசி சிரிக்கத் தொடங்கினா. சோபாவில் சிரித்த சிரிப்பு இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. போனைப் பையில் போட்டு, கையைக் கழுவி, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுத் தங்கைக்கு முன்னால் வந்து நின்றா. என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறா என்பது பிரெஞ்சு தெரியாத எனக்கே விளங்கியது.

தங்கை என்னைப் பார்த்தாள். "அவவுக்கும் வேலையைக் குடு!" என்றேன்.

அதன்பிறகு அந்த வளவில் நடந்ததை என்னவென்று சொல்வது! இவள் பிடி என்பாள், அவ பிடிப்பா. சின்னதாக்கு என்பாள், அவ சின்னதாக்குவா. 'வீட், வீட்', கெதியா, கெதியா என்று இவள் விரட்ட, அவவும் கெதியாக உருட்டுவா. பிசகினால் இவள் வாங்கி உடைத்து மறுபடி கொடுப்பாள். வெள்ளைக் காற்சட்டை முழுவதும் பயற்றமா. மொழிபெயர்க்க வந்த பாரிஸ் அக்காவை இரண்டு பேரும் கையால் விலக்கிவிட்டார்கள். தயாரித்து வைத்த அந்த மரியாதையான வசனத்தைத் தங்கை கடைசிவரை சொல்லவேயில்லை.

பின்னேரம் கடைசித் தட்டு முடிந்ததும் அந்த மனுசி தங்கையின் தோளைப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி ஏதோ சொன்னா. டிசம்பர் என்பது எனக்கும் கேட்டது. பிறகு மா உருட்டுவதுபோல் கையால் காட்டி, விரலை நீட்டி, எங்கள் தங்கையைப் பார்த்து அதே அதட்டலில் 'வீட், வீட்' என்றா. தங்கை தலையாட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

அவ கை கழுவ உள்ளே போனதும் நான் கேட்டேன், "என்னடி சொல்லுறா?"

"நத்தாருக்கு முதல் சனிக்கிழமை அவேன்ர வீட்டில இறைச்சிப் பணியாரம் செய்யிறதாம், அக்கா. விடியவே வரட்டாம். மா உருட்டுறது நானாம். பிந்தி வந்தா ஏசுவாவாம்."

சொல்லிவிட்டு மாக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாமி என்னவோ ஏதோவென்று ஓடி வந்தா. ஒன்றுமில்லை மாமி, சந்தோஷம்தான் என்று சொல்லிவிட்டு, தங்கையின் முகத்து மாவை என் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன்.