இருபது நிமிஷக்காவின் முதல் பயணம்

டயர் கடை மாடியில் இருக்கும் அந்த அறைக்குள் முதன்முறை நுழைகிறவர்கள், உள்ளே யாரோ சண்டை போடுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். சண்டையெல்லாம் இல்லை. வாடகைக் கார் கம்பெனியின் இருபது நிமிஷக்கா போனில் பேசிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். டிரைவர் தூரத்தில் இருக்கிறானே, அவனுக்குக் காது கேட்க வேண்டுமே என்று அவளுக்கு எப்போதும் ஒரு கவலை. போனைக் கண்டுபிடித்ததே அதற்குத்தான் என்று யார் எடுத்துச் சொல்லியும் பலனில்லை.

கம்பெனியில் ஓடுவதெல்லாம் மின்சாரக் கார்கள். வெளியூர்ச் சவாரி வந்தால், வழியில் எங்கே நிறுத்தி சார்ஜ் ஏற்றுவது, எவ்வளவு நேரம் நிற்பது என்று முடிவு செய்வது அவள் வேலை. "இருபது நிமிஷம்தான். டீ குடிச்சியா, கிளம்பிடணும். கதை பேசிட்டு நிக்கக் கூடாது" என்று டிரைவர்களிடம் தினமும் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கோ சம்பளப் பட்டியலில் சௌக்கியமாக இருக்கிறது. கூப்பிடத்தான் ஆளில்லை.

மற்ற கம்பெனிக்காரர்கள் ஆப்பைத் திறந்து, சார்ஜ் ஏற்றும் மெஷினுக்கு நேரே பச்சை விளக்கு எரிந்தால் வண்டியை அனுப்பிவிடுவார்கள். போய்ப் பார்த்தால் மெஷின் மூச்சுப் பேச்சில்லாமல் நிற்கும். நம் அக்காவுக்கு ஆப்பில் நம்பிக்கையே கிடையாது. மெஷினுக்குப் பக்கத்தில் எந்தக் கடை இருக்கிறதோ, அந்தக் கடைக்கே போன் போடுவாள். "கொஞ்சம் வெளிய எட்டிப் பாருங்களேன், மெஷின்ல லைட் எரியுதா? குறுக்க யாராவது வண்டிய நிறுத்தியிருக்காங்களா?" ஆரம்பத்தில் கடைக்காரர்கள் சலித்துக்கொண்டார்கள். "எங்களுக்கு வேற வேலை இல்லையா" என்றுகூட ஒருத்தர் கேட்டார். அதே மனிதர் இப்போது காலையில் இவள் போன் வரவில்லை என்றால், உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று அவரே கூப்பிட்டு விசாரிக்கிறார்.

வண்டியின் கணக்கோடு ஆளின் கணக்கையும் சேர்த்துப் போடுவாள். முழங்கால் வலிக்காரர்கள் போனால் படியேறாத கழிப்பறை உள்ள இடம். குழந்தைகள் என்றால் ஊஞ்சல் இருக்கும் இடம். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் என்றால், மரத்தடி பெஞ்சு இருக்கிற இடமாகப் பார்த்து ஐந்து நிமிஷம் கூட்டியே கொடுப்பாள். ஆனால் ஒரு விதியை மட்டும் யாருக்காகவும் தளர்த்தமாட்டாள். பேட்டரி மீட்டர் பதினைந்து சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. "அக்கா, இன்னும் கொஞ்ச தூரம்தான், இந்த ஸ்டாப்ப விட்டுடட்டுமா?" என்று எந்த டிரைவராவது கேட்டுவிட்டால் போதும், டயர் கடையில் டயர் மாட்டிக்கொண்டிருப்பவர் கீழே இருந்தே காதைப் பொத்திக்கொள்வார்.

இத்தனை பேரை இத்தனை வழியில் அனுப்பி வைத்தவள் ஒருநாளும் ஊரைத் தாண்டிப் போனதில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள். பிறந்தது டயர் கடைக்குப் பின்தெரு. கட்டிக்கொடுத்தது அடுத்த தெரு. கணவர் சலூன் வைத்திருக்கிறார், அது அதற்கடுத்த தெரு. எல்லாம் நடக்கிற தூரம். போக வேண்டிய அவசியம் வரவில்லை, போகவில்லை. அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

அவசியம் ஒருநாள் வந்தது. ஒரே மகன் கப்பலில் இன்ஜின் அறை வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. திடீரென்று போன் செய்தான்.

"அம்மா, எங்க கப்பல் நம்ம பக்கத்துத் துறைமுகத்துக்கு வருதும்மா. ஒரே ஒரு நாள்தான். எனக்கு காலைல இருந்து வெளிய வர அனுமதி குடுத்திருக்காங்க. மூணு மணிக்குள்ள உள்ள போயிடணும். வருவீங்களா?"

வருவீர்களாவா. கேட்கிற கேள்வியைப் பார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. முதலாளியிடம் போய் நின்றாள், அவர் சாவியை எடுத்து நீட்டிவிட்டு, "உனக்கு ஸ்டாப் எல்லாம் யாரும்மா போட்டுக் குடுக்கிறது?" என்று சிரித்தார். சலூனுக்கு லீவு விடும் நாட்களில் கணவர் கம்பெனிக்கு ஆக்டிங் டிரைவராகப் போகிறவர்தான். அதனால் ஓட்டுவதற்கு ஆள் தேட வேண்டியதில்லை.

திட்டம் போட்டாள் பாருங்கள், அப்படி ஒரு திட்டம் கம்பெனி வரலாற்றிலேயே கிடையாது. ஊரை ஒட்டிய மலையைத் தாண்டியதும் பேக்கரி வாசலில் முதல் நிறுத்தம். துறைமுகத்துக்குப் பாதி வழியில் டீக்கடை வாசலில் இரண்டாவது. இரண்டு கடைக்கும் போன் போட்டு, இந்தத் தடவை வருவது நானே, மகனைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னாள். பேக்கரியம்மா போனிலேயே குதித்தாள். டீக்கடைத் தம்பி, "மெஷின் முன்னாடி பெஞ்ச குறுக்க போட்டு வைக்கிறேன்க்கா. எவன் வர்றான்னு பாத்துடறேன்" என்றான். மதியத்துக்கு மேல் துறைமுகச் சாலையில் சரக்கு லாரிகள் வரிசை கட்டும் என்பது அவளுக்குத் தெரியும். அதற்குள் போய்விடும்படிதான் நேரம் குறித்திருந்தாள். லாரி வரிசையில் மாட்டினால் மகன் முகத்தைப் பார்க்காமலே திரும்ப வேண்டியதுதான்.

விடிந்ததும் கிளம்பினார்கள். கணவர் மகனுக்கு முடி வெட்ட வேண்டும் என்று கத்தரி, சீப்பு, துண்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டார். அவள் பின்சீட்டில் ஏறிச் சாய்ந்து உட்கார்ந்தாள். சவாரிக்காரர்கள் பின்னால்தானே உட்காருவார்கள், இன்றைக்கு நாமும் சவாரிதானே என்று அவளுக்கு ஒரு கெத்து.

"முன்னாடி வாயேன்" என்றார் கணவர்.

"நீங்க ரோட்ட பாத்து ஓட்டுங்க."

கெத்து மூன்றாவது கொண்டை ஊசி வளைவு வரைக்கும்தான் தாங்கியது. வயிற்றைப் பிரட்டிக்கொண்டு வந்தது. கதவைத் திறந்து சாலையோரம் உட்கார்ந்துவிட்டாள். மறுபடி ஏறினாள், இரண்டு வளைவு போவதற்குள் மறுபடி. வண்டிக்கு எங்கே பசிக்கும், எங்கே நிற்கும் என்று அத்தனையும் யோசித்தவள், தனக்குக் கார் ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் யோசிக்கவே இல்லை. எப்படி யோசிப்பாள், உட்கார்ந்திருந்தால் அல்லவா தெரியும்.

"ஏசிய நிறுத்துங்க, அந்த வாடையே ஆகல. மெதுவா போங்க. இன்னும் மெதுவா."

"இதுக்கு மேல மெதுவான்னா நான் இறங்கித் தள்ளணும்."

"தள்ளுங்க."

சைக்கிளில் போகிறவர்கள் அவர்களை முந்திக்கொண்டு போனார்கள். ஒருவர் திரும்பிப் பார்த்து, ஏதாவது உதவி வேண்டுமா என்றுகூடக் கேட்டார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, நேரம் போகிறதே, நேரம் போகிறதே என்று முனகினாள். நடுவில் கணவர், "ஏம்மா, இந்த மீட்டர் இருக்கே..." என்று ஆரம்பித்தார். "பேசாதீங்க. பேச்சு கேட்டாலே குமட்டுது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "இல்ல, மீட்டர்ல..." என்றார். மறுபடி வாயை அடைத்தாள். மனிதர் அதன்பின் சாலையைப் பார்த்துத் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தார்.

பேக்கரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. மாவு ஒட்டிய கையோடு வெளியே ஓடி வந்தது சின்னஞ்சிறு உருவத்தில் பெண் ஒருத்தி. இத்தனை காலமும் போனில் பேக்கரியம்மாவின் கனத்த குரலைக் கேட்டு, நம் அக்கா ஆறடி உயரத்தில் ஒரு ஆளைக் கற்பனை செய்து வைத்திருந்தாள். பேக்கரியம்மாவும் வாய் பிளந்து நின்றாள். போனில் ஊரையே கிடுகிடுக்க வைக்கிறவள், வெளுத்துப்போய், நிற்க முடியாமல் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் யார்தான் நம்புவார்கள்?

எலுமிச்சம்பழச் சாற்றில் உப்புப் போட்டுக் கொடுத்தாள். முகத்தைக் கழுவச் சொன்னாள். "பின்னாடியா உக்காந்து வந்தீங்க? நல்லா வந்தீங்க போங்க. முன்னாடி உக்காந்து ரோட்டையே பாருங்க, ஒண்ணும் பண்ணாது." கார் மெஷினில் கிடந்த நேரமெல்லாம் பக்கத்திலேயே நின்று விசிறினாள். இருபது நிமிஷம் ஆனதும், "அக்கா, கதை பேசிட்டு நிக்கக் கூடாது, கிளம்புங்க" என்று அவள் வசனத்தையே அவளுக்குத் திருப்பிச் சொல்லி, அணைத்து அனுப்பி வைத்தாள்.

முன்சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் அவள் கண் திறந்து மீட்டரைப் பார்த்தாள். பார்த்தவள் பார்த்தபடியே இருந்தாள். இங்கிருந்து கிளம்பும்போது இருக்க வேண்டியதைவிட எவ்வளவோ கூடுதலாக இருந்தது.

"என்னங்க இது? மெஷின் எதுவும் கோளாறா?"

"இதத்தான் மலையிலேர்ந்து சொல்ல வர்றேன், நீ எங்க விட்ட? ஏசி இல்ல, நத்தை வேகம். வண்டி கரண்ட்டே குடிக்கல. நீ வாந்தி எடுத்து எடுத்து மிச்சம் பிடிச்சது அத்தனையும்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்ததும் பகீரென்றது. நேரத்தைப் பார்த்தாள். டீக்கடையில் நின்றால் லாரி வரிசையில் மாட்டுவது நிச்சயம். நிற்காமல் போனால் லாரிகள் கிளம்புவதற்கு முன் துறைமுகத்தைப் பிடித்துவிடலாம். ஆனால் போய்ச் சேரும்போது மீட்டர் பதினைந்துக்கு எவ்வளவோ கீழே கிடக்கும். வழியில் தீர்ந்துபோனாலும் போகும். மனசுக்குள் கூட்டினாள், கழித்தாள், எதிர்க்காற்றைச் சேர்த்தாள், மறுபடி கழித்தாள். யார் யாரையெல்லாம் இதற்காகத் திட்டியிருக்கிறோம் என்று நினைக்கவே கூச்சமாக இருந்தது.

கணவர் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார். அவள் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தார்.

"ஏங்க" என்றாள் கடைசியில், அவளுக்கே கேட்காத குரலில். "இந்த ஸ்டாப்ப விட்டுடலாமா?"

"என்ன, என்ன? சத்தமா சொல்லு. எனக்கு காது கேக்கல."

"உங்களுக்கு வேற வேலையே இல்ல. ஓட்டுங்க."

டீக்கடைக்கு போன் போட்டாள். நிற்க முடியவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவன் காலையிலிருந்து பெஞ்சைக் குறுக்கே போட்டு, வந்தவர்களிடமெல்லாம் சண்டை பிடித்து இடம் வைத்திருக்கிறான்.

"அதனால என்னக்கா, புள்ளய பாக்கப் போறீங்க, நின்னா ஆகுமா? கடைகிட்ட வர்றப்ப மாமாவ கொஞ்சம் வேகத்த மட்டும் கொறைக்கச் சொல்லுங்க. நான் ரோட்டோரமா நிக்கிறேன்."

சொன்னபடியே நின்றான். ஒரு கையில் பிளாஸ்க், ஒரு கையில் பன் பொட்டலம். கணவர் வேகத்தைக் குறைத்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். ஒரு கணம்தான் முகத்தைப் பார்த்தாள். தலை முழுக்க வெள்ளை. பொக்கை வாய்ச் சிரிப்பு. அறுபதைத் தாண்டிய மனிதர் அவர்.

"ஐயையோ" என்றாள் கன்னத்தில் கை வைத்து. "இத்தனை வருஷமா அவரத் தம்பின்னு கூப்பிட்டிருக்கேன். அவரும் அக்கா அக்கான்னு கேட்டுக்கிட்டாரே."

"உன் சத்தத்துக்கு யாரா இருந்தாலும் அக்கான்னுதான் கூப்பிடுவாங்க" என்றார் கணவர்.

மீட்டர் இறங்கிக்கொண்டே வந்தது. பதினைந்தைத் தாண்டியபோது அவள் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஐந்தைத் தாண்டியபோது இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். துறைமுக வாசல் தெரிந்தபோது வண்டி சிவப்பு விளக்கு காட்டி, இனி என்னால் ஆகாது என்று கெஞ்சியது. எதிரே லாரிகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக இன்ஜினை உறும விட்டுக்கொண்டிருந்தன.

வாசல் ஓரம், சிமெண்டு பெஞ்சில், காட்டு முடியோடு அவன் உட்கார்ந்திருந்தான். காரைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தான். அவள் அவனை இழுத்துப் பிடித்து, தோளைத் தட்டி, கன்னத்தைத் தடவி, வார்த்தையே வராமல் சிரித்தாள். சந்தோஷத்தில் வாயடைத்துப்போனவளை அன்றுதான் கணவர் முதன்முதலாகப் பார்த்தார். அந்தப் பெஞ்சிலேயே அவனை உட்கார வைத்து, கழுத்தில் துண்டைச் சுற்றி, அப்பா முடி வெட்டினார். அவள் பன்னைப் பிய்த்துப் பிய்த்து அவன் வாயில் ஊட்டினாள். முடியும் பன்னும் சேர்ந்து போகிறது என்று அவன் கத்தினான், இருவரும் கேட்கவில்லை. மலையில் நடந்த கதையைக் கேட்டுச் சிரித்ததில் கத்தரி காதோரம் ஒரு பக்கம் ஏறி வெட்டிவிட்டது. அதற்கும் சிரித்தார்கள்.

நேரமானதும் அவன் எழுந்தான். காரின் சிவப்பு விளக்கைப் பார்த்து, "இப்ப எப்படிம்மா வீட்டுக்குப் போவீங்க? கேன்டீன் பக்கத்துல ஒரு மெஷின் இருக்கு, ஆனா அது ரொம்ப மெதுவா ஏத்தும். சாயங்காலம் வரைக்கும் ஆகும்" என்றான்.

"நீ போ, நாங்க பாத்துக்கறோம்" என்றாள். அவன் உள்ளே போனான். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காரை அந்த மெஷின் வரைக்கும் தள்ளாத குறையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவன் சொன்னது சரிதான், சொட்டுச் சொட்டாகத்தான் ஏறியது. திட்டப்படி நின்று நின்று வந்திருந்தால், இந்நேரம் போதிய சார்ஜோடு வீட்டைப் பார்க்கத் திரும்பியிருப்பார்கள். சார்ஜ் இல்லாததால் கேன்டீன் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்திருந்ததால், வெயில் தாழ்ந்த நேரத்தில் அந்தக் கப்பல் மெல்ல நகர்வதைப் பார்த்தார்கள். மேல்தளத்தில், ஒரு பக்கம் ஏறி வெட்டிய தலையோடு ஒருவன் துண்டை வீசி வீசிக் காட்டினான். அவளும் எழுந்து நின்று, கப்பல் கண்ணை விட்டு மறையும்வரை முந்தானையை வீசினாள். கை வலித்ததா என்று கணவர் கேட்டதற்கு, வலித்தது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அப்புறம் போனை எடுத்து டீக்கடைக்குப் பேசினாள். கேன்டீனில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணே, திரும்பி வர்றப்ப உங்க கடையில நிக்கிறோம்ணே."

"வாங்கக்கா, வாங்க. இருபது நிமிஷம்தானே? எத்தனை மணிக்கு பெஞ்ச போடட்டும்?"

"தெரியலண்ணே" என்றாள் அவள். "மெதுவாத்தான் வருவோம். வந்து, உக்காந்து, நிறைய கதை பேசணும்."