வாயைத் திறந்துகொண்டு நிற்கும் மீன்கள்

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோன பிறகுதான் எங்கள் வீட்டுக்கு மீன்தொட்டி வந்தது. செங்கல்பட்டில் டயாலிசிஸ் முடித்துக் கூட்டி வந்தால் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். என்ன கேட்டாலும் பதில் வராது. ரத்தப் பரிசோதனைக்குப் போகும் இடத்தில் ஒரு மீன்தொட்டி இருந்தது. அதன் எதிரில் மட்டும் கால் வீக்கத்தை மறந்து நிற்பார். "தோ பார்றா, வால ஆட்டிகினு போவுது" என்பார். மற்ற நேரங்களில் வராத பேச்சு அங்கே மட்டும் வந்தது. அதனால் வாங்கினேன்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் போகிற வழியில் எங்கள் வீடு. நைனா பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர். அம்மா கடற்கரைச் சாலையில் ஒரு ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறாள். எங்கள் வகையறாவில் பள்ளிக்கூடம் தாண்டியவன் நான்தான். அதனால் மாத்திரைச் சீட்டு படிப்பது, வங்கிக்குப் போவது, கரண்ட் போனால் ஃபியூஸ் பார்ப்பது எல்லாமே என் தலையில் வரும். மீனும் அப்படித்தான் வந்தது. "நீ பட்ச்சவன், உனுக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா.

எனக்குத் தெரியாது. கடைக்காரரைக் கேட்டேன்.

"அல்லாம் ஒண்ணா கெடக்கும் தம்பி. ஒண்ணோட ஒண்ணு வம்புக்குப் போவாது" என்று சொல்லி, கப்பி கொஞ்சம், கறுப்பு மோலி, நீளத் துடுப்புள்ள ஏஞ்சல் ஒன்று, உடம்பில் பட்டை போட்ட டைகர் பார்ப் இரண்டு என்று பையில் கட்டிக் கொடுத்தார்.

நைனாவுக்கு ஏஞ்சலைத்தான் பிடித்தது. அது அவசரப்படாமல் நீந்தும். அந்த அவசரமின்மைதான் அதற்கு வினையாகவும் போனது. இரண்டு பார்ப்பும் அதன் பின்னாலேயே சுற்றித் துடுப்பைக் கடித்தன. சீக்கிரமே அதன் துடுப்பு ஓரம் எலி கடித்த துணி போல ஆகிவிட்டது.

நான் கைப்பேசியில் தேடிப் படித்தேன். பார்ப் கூட்டமாக வாழும் மீன். ஆறேழு இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொண்டு மற்றதை விட்டுவிடும். இரண்டே இருந்தால் மெதுவாகப் போகிற மீனைப் பிடித்துக்கொள்ளும். நைனாவிடம் சொன்னேன்.

சிரித்தார். நெடுநாளைக்கு அப்புறம் சிரித்தார். "ரெண்டு ரவுடிய அடக்க இன்னும் நாலு ரவுடிய கூட்டாந்து வுடணுமா? இதுக்கா உன்ன காலேஜுக்கு அனுப்ச்சேன்?"

"அப்ப இந்த ரெண்டையும் கடையில குடுத்துடலாம் நைனா."

"வூட்டுக்கு வந்தத தொரத்துவியா? பேசாம இரு. அதுங்க ரவுடி இல்லடா, பசி. வவுறு ரொம்புனா எவனும் எவன் வாலையும் கடிக்க மாட்டான்."

அதுதான் அவர் கண்ட வைத்தியம். தீனி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, பார்ப் நகரும்போதெல்லாம் ஒரு சிட்டிகை போட்டார். போட்ட நிமிஷம் அவை ஏஞ்சலை விட்டுவிட்டு மேலே ஓடும். "பாத்தியா?" என்று என்னைப் பார்ப்பார். அந்த ஒரு நிமிஷத்தை என்னால் மறுக்க முடியவில்லை. தின்னாத தீனி அடியில் அழுகித் தண்ணீர் கெடுவதை மட்டும் சொல்லிப் பார்த்தேன். அம்மா தன் பங்குக்கு, மலைக்கோயிலுக்குப் போனபோது கோயில் குளத்து மீனுக்குப் போட்டது போக மிஞ்சிய பொரியைக் கொண்டுவந்து போட்டாள். "கொளத்துல எப்டித் துன்னுது தெரிமா!"

தண்ணீர் கெட்டது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"பசிக்குது பாரு" என்றார் நைனா.

"பசி இல்ல நைனா. தண்ணியில காத்து இல்ல. மூச்சுக்குத் தவிக்குது."

"வாயத் தொறந்துகினு கீது. பசி இல்லன்றியே."

அவர் வாழ்ந்த வாழ்க்கையில் திறந்த வாய்க்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. நான் படித்ததைக் கொண்டு அதை மாற்ற முடியவில்லை. கால்வாசித் தண்ணீரை இறைத்துப் புதுத் தண்ணீர் ஊற்றினேன். குழாயைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "எனுக்குப் பண்றாப்லயே இதுக்கும் பண்றியா? இதுங்களுக்குச் சட்டுனு முடிஞ்சிடுது. ஊசி வேற இல்ல" என்றார்.

இதற்கிடையில் டயாலிசிஸ் டாக்டரம்மா அறிக்கையைப் பார்த்து முகம் சுளித்தார். ரத்தத்தில் புரதம் இறங்கிக்கொண்டே போகிறது. "முட்டை வெள்ளைக்கரு தினமும் குடுக்கிறீங்களா?"

"குடுக்கறோம் மேடம்" என்றேன். உண்மைதான். அம்மா காலையில் அவித்து, மஞ்சளை எடுத்துவிட்டு, வெள்ளையை நறுக்கித் தட்டில் வைத்து, தொட்டி பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். நானும் அலுவலகத்துக்குப் பஸ் பிடிக்க ஓடிவிடுவேன். சாயந்திரம் தட்டு காலியாக இருக்கும். "சாப்பிடறாரே, அப்புறம் எப்படி இறங்குது?" என்றார் டாக்டரம்மா. நானும் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஃபில்டர் பஞ்சை எடுத்துப் பிழிந்தேன். வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் விரலில் ஒட்டின. தீனிக்கு அப்படி நிறம் கிடையாது, பொரியும் ஊறினால் கரைந்துவிடும். மோந்து பார்த்தேன். அவித்த முட்டை.

அம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

"இன்னா மனுசன்யா நீ! ஊரான் பெட்ஷீட்ட மடிச்சி மடிச்சி இடுப்பு ஒடிஞ்சி வாங்கியார முட்டைய மீனுக்குப் போட்டுகினு குந்திகினுகீற?"

"எறங்கலடி" என்றார் நைனா. "உப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரப்பராட்டம் கீது."

"அதுக்கு?"

"அதுங்க எதுர்ல வந்து வாயத் தொறந்துகினு நிக்குதுங்க. பாத்துகினே நான் மட்டும் எப்டி துன்றது?"

எங்கள் வீட்டில் ஒருவர் பார்க்க இன்னொருவர் தனியாகச் சாப்பிடுவது கிடையாது. எதிரில் பசித்த முகம் இருந்தால் கை தானாகப் பங்கு வைக்கும். நானும் அப்படிப் பங்கு வைத்த சோற்றில் வளர்ந்தவன். அதைத் தப்பு என்று எந்த வாயால் சொல்வது?

தொட்டியை உள்ளறைக்கு நகர்த்தினேன். நைனா மறுபடி சுவர் பக்கம் திரும்பிப் படுத்தார். முட்டைத் தட்டு அப்படியே இருந்தது. தொட்டியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடியைத் துண்டால் மூடிப் பார்த்தேன்.

"துணி போட்டா பசி பூடுமா?" என்று கேட்டார்.

அவருக்குத் தெரியாமல் பார்ப் இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றினேன். வந்து உட்கார்ந்ததும் கண்டுபிடித்தார். "எங்கடா அதுங்க? அதுங்களுக்கு யாரு சோறு போட்றது?" சாயந்திரத்துக்குள் திரும்ப விட வேண்டியதாயிற்று. அன்றைக்கே ஏஞ்சலின் அடித்துடுப்பில் இன்னும் கொஞ்சம் காணாமல் போனது. கப்பிகள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. அவற்றை அவர் பார்ப்பதற்குள் எடுத்துவிடுவேன்.

இப்போது காலையில் பஸ்ஸை ஒன்று விட்டுவிட்டு, தட்டோடு நான் எதிரில் உட்காருகிறேன். தட்டைப் பார்த்ததுமே மீன்கள் கண்ணாடியோரம் கூடிவிடுகின்றன. பார்ப் இரண்டும் முன்னால் வரும். கந்தலாகிப்போன ஏஞ்சல் பின்னால் மெதுவாக வரும். இன்றைக்குத் தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்தன. பசியில் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு துணுக்கும் போடக் கூடாத நாள்.

வெள்ளைக்கருவில் ஒரு துண்டை நைனாவின் வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு நைனா. டாக்டரம்மா கேப்பாங்க."

தலையை ஆட்டிவிட்டுத் தொட்டியைக் காட்டினார். "அதுக்கு மொதல்ல."

"தண்ணி கெட்டுப்பூடும். செத்துடும் நைனா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஏஞ்சலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே அடுத்த பஸ்ஸும் ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டது. நகத்தால் ஒரு துணுக்கைக் கிள்ளித் தண்ணீரில் போட்டேன். பார்ப்புகள் பாய்ந்தன. நைனா வாயைத் திறந்தார்.